அக்காவின் கணினிக்குள் இருந்த காலை

நான் டென்மார்க்கில், ஓகூஸ் நகரத்தில் வேலை செய்கிறேன். பால் கறக்கும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுவது என் தொழில். மாட்டின் மடி எங்கே இருக்கிறது, பால் என்ன சூட்டில் வருகிறது என்றெல்லாம் அந்த இயந்திரத்தில் உள்ள உணர்கருவிகள் சொல்லும். அவை சொல்வதைக் கணினிக்குப் புரியவைக்கிற ட்ரைவர் என்ற சின்ன நிரல்களை நான் எழுதுகிறேன். எஸ்பியர்க்கில் இருக்கும் என் அக்காவுக்கு ஒருமுறை இதை அரை மணித்தியாலம் வாய் நோக விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீ பால்காரி" என்றாள். சொந்தக்காரர் வீட்டுக் கொண்டாட்டங்களில் இன்றைக்கும் எனக்கு அதுதான் பெயர்.

அக்கா அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பல வருசமாக வேலை செய்துவந்தாள். வெறும் உருளைக்கிழங்கும் சோஸும்தான், ஆனால் அவள் கை பட்டால் கிழடுகள் தட்டை வழித்துச் சாப்பிடுவார்கள். அந்தச் சமையலறையை மூடப்போகிறோம், இனிச் சாப்பாடு நகரத்தின் பெரிய சமையலறையிலிருந்து வண்டியில் வரும் என்று ஒருநாள் அறிவித்தார்கள். அக்காவுக்கு இரண்டே வழி. ஒன்று, வேலையில்லாமல் வீட்டில் இருப்பது. மற்றது, இங்கே எல்லாரும் சோசு என்று சொல்கிற பராமரிப்புப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படித்து, அதே இல்லத்துக்குப் பராமரிப்பாளராகத் திரும்பி வருவது. இல்லத்துக்காரருக்கு அவளை விட மனமில்லை, இடம் வைத்திருக்கிறோம் என்றார்கள். ஆனால் முதலில் பள்ளிக்கூடம் அவளை எடுக்கவேண்டும். அதற்கு ஒரு நேர்முகம் இருந்தது.

வசந்த காலத்தில் நடந்த முதல் நேர்முகத்தில் அக்கா கோட்டைவிட்டாள். மீன் கடையில் டேனிஷில் நின்று சண்டை பிடிக்கிற மனுசி, அங்கே போய் நாக்கு ஒட்டிப்போய் இருந்திருக்கிறாள். கேட்ட கேள்விக்கெல்லாம் யா, யா என்று தலையாட்டியிருக்கிறாள். ஊற்றின கோப்பி ஆறமுதல் எல்லாம் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மொழி பழகிக்கொண்டு வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று தொலைபேசியில் அழுதாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆர் மீது என்றுதான் தெரியவில்லை. இலையுதிர் காலத்தில் இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். சமையலறை மூடப்பட முதல் அதுதான் கடைசி வாய்ப்பு.

இம்முறை நேர்முகம் காணொளியில். ஆசிரியை வேறொரு ஊரில் இருந்தார். சில நாட்களைக் கொடுத்து, எது வசதி என்று கேட்டிருந்தார்கள். அக்கா கலண்டரைப் புரட்டிப் பார்த்து விஜயதசமியைத் தெரிவுசெய்தாள், அதுவும் ராகுகாலம் தள்ளி, பத்து மணிக்கு. டென்மார்க்கில் ராகுவும் கோடைகால நேரத்துக்கு மணிக்கூட்டை மாற்றுவாரோ என்று நான் பகிடி பண்ணினேன். வாயை மூடு என்றாள்.

அவளிடம் இருந்த மடிக்கணினி நான் கொடுத்தது. எங்கள் அலுவலகம் கழித்துவிட்ட பழசு. லினக்ஸ் போட்டு, தமிழில் எழுத வசதி செய்து, ஓகூஸிலிருந்தே நான் உள்ளே நுழைய ஒரு வழியும் வைத்திருந்தேன். அச்சு இயந்திரம் மக்கர் பண்ணினால் அக்கா போன் எடுத்து, உள்ளுக்கை வா என்பாள். நான் போய்ச் சரிசெய்வேன். உண்மையைச் சொன்னால், கூப்பிடாமலும் போவேன். கிடந்த குப்பைகளை அழிப்பேன், புதிய பதிப்புகளை ஏற்றுவேன். இதில் எனக்கு ஒரு பெருமை.

விஜயதசமி அன்று காலை நான் அலுவலகத்தில் முதல் கோப்பியோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிபோல அக்கா போன் எடுத்தாள். குரலைக் கேட்டதுமே கோப்பியைத் தள்ளி வைத்தேன்.

"என்னைக் காணேல்லை. ஒரே கறுப்பாக் கிடக்குது. இந்தக் கோதாரி விழுந்த கமரா இண்டைக்கெண்டு செத்துப்போச்சு."

கைபேசியில் கதைக்கலாமே என்று நினைப்பீர்கள். அதன் முன்கமரா போன வருசமே சமையலறைத் தரையில் விழுந்து உடைந்துவிட்டது. அத்தான் வேலைக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் அந்த நேரத்தில் அக்காவின் முகத்தை வெளியே காட்டக்கூடியது அந்த மடிக்கணினி ஒன்றுதான்.

எனக்குப் பதற்றம் வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. இரண்டு நாளைக்கு முதல், அவள் கேட்காமலே, நான் அதில் புதிய கேர்னலை ஏற்றியிருந்தேன். கேர்னல் என்றால் இயங்குதளத்தின் கரு. கணினியில் ஓடுகிற எந்த நிரலும் கமராவையோ ஒலிவாங்கியையோ நேரே தொட முடியாது. கேர்னலிடம்தான் கேட்கவேண்டும், கேர்னல் அந்தந்தக் கருவியின் ட்ரைவரிடம் கேட்டுச் சொல்லும். கேர்னலை மாற்றினால் சில பழைய கருவிகளுக்கு ட்ரைவர் ஒத்துவராமல் போவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிற கதை. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தேனோ என்று பயந்தேன். அக்காவிடம் மூச்சுக் காட்டவில்லை. கமராவைத் திறந்தபடியே விடச் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி அவளுடைய கணினிக்குள் நுழைந்தேன்.

அங்கே நான் பார்ப்பது படமில்லை, வெறும் எழுத்து. லினக்ஸில் சிஸ் என்றொரு அடைவு இருக்கிறது. பார்த்தால் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் வரிசையாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அவற்றில் ஒன்றும் கணினியின் சேமிப்பு வட்டில் இல்லை. நாம் ஒரு கோப்பைத் திறக்கும் அந்தக் கணத்தில்தான் கேர்னல் போய் ட்ரைவரைக் கேட்டு, பதிலை எழுதித் தருகிறது. ஒரு கோப்புக்கு ஒரு பதில், பெரும்பாலும் ஒரு எண் அல்லது ஒரு சொல். மின்கலத்தில் எவ்வளவு மிச்சம், விசிறி எவ்வளவு வேகம், இந்தக் கருவிக்கு எந்த ட்ரைவர் பொறுப்பு, எல்லாம் அப்படித்தான். கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. எங்கள் இனசனத்தில் அப்படி ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை.

முதலில் கமரா செருகப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஒவ்வொரு கருவியும் தன்னைச் செய்த கம்பனியின் எண்ணையும் தன் வகை எண்ணையும் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வரும். எங்களவர் புது ஆளைக் கண்டால் ஊரில எவடம், ஆற்றை பிள்ளை என்று விசாரித்து, அடுத்த நிமிடமே இது இன்னாற்றை பகுதி என்று பிடித்துவிடுவார்கள் அல்லவா? கேர்னலும் அந்த இரண்டு எண்களை வைத்து உரிய ட்ரைவரைப் பிடிக்கும். பிடித்தும் இருந்தது. ட்ரைவர் ஏறியிருந்தது, கமராவோடு இணைந்தும் இருந்தது. கேர்னலின் குறிப்பேட்டை விரித்துப் பார்த்தேன். பிழை என்று ஒரு வரி இல்லை. போதாக்குறைக்கு, கமரா இந்த நிமிடமும் ஒழுங்காகப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறதாம்.

எனக்கு விசர் பிடித்தது. பிழை இருந்தால் திருத்தலாம். எல்லாம் சரி என்று சொல்பவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ட்ரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றினேன். கறுப்பு. கணினியை நிறுத்தித் தொடக்கச் சொன்னேன். கறுப்பு. அக்காவைக் கேட்டுவிட்டுக் கமராவிலிருந்து ஒரேயொரு படத்தை எடுத்து என் திரையில் திறந்தேன். ஓரத்தில் லேசாக மண்ணிறம் அடித்த கறுப்பு. மணி ஒன்பதரை. அக்கா மறுமுனையில் பிள்ளையாரைக் கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

பக்கத்து மேசையில் இருப்பவர் ஒரு டேனிஷ்காரர், எனக்கு மூத்தவர், கடல் பொங்கி உள்ளே வந்தாலும் கறுப்பு ரொட்டியை முழுவதும் மென்றுவிட்டுத்தான் எழும்புவார். என் திரையை எட்டிப் பார்த்தார். கமராவுக்கு மேலே உன் அக்கா ரேப், அதுதான் ஒட்டுநாடா, ஒட்டியிருக்கிறாரா என்று கேட்டார். இங்கே பாதிப்பேர் கமரா வேவு பார்க்கும் என்று பயந்து அதற்கு மேல் ஒட்டிவைப்பார்கள். இவர் கணினியிலும் ஒரு சின்னக் கொடி ஒட்டப்பட்டிருந்தது. நான் அக்காவிடம் கேட்டேன். ரேப்பும் இல்லை ஒண்டும் இல்லை என்றாள். எங்கள் வீட்டில் ஆர் ரேப் ஒட்டப்போகிறார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

வேறு என்ன பார்ப்பது என்று தெரியாமல் அந்தக் கோப்புகளுக்குள் அலைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் வெளிச்சம் என்ற கோப்பு கண்ணில் பட்டது. அறை வெளிச்சத்துக்குத் தக்கபடி திரையைக் கூட்டிக் குறைக்க, அந்தக் கணினியில் ஒரு சின்ன உணர்கருவி இருக்கிறது. அதற்கும் ட்ரைவர் உண்டு, ஒரு கோப்பு உண்டு. திறந்தேன். சுழியம். மறுபடி திறந்தேன். சுழியம்.

அக்காவிடம் லைற்றைப் போடச் சொன்னேன். என்னத்துக்கு, யன்னலால வெயில் முகத்திலை அடிக்குது என்றாள். ஒக்ரோபரில் எஸ்பியர்க்கில் வெயில் அடிப்பதே ஒரு புதினமான விசயம். ஆனால் கேர்னல் அந்த அறை கும்மிருட்டு என்கிறது. என் தொழிலில் நான் படித்த ஒரே பாடம், கேர்னல் பொய் சொல்லாது என்பதுதான். கருவி என்ன சொன்னதோ அதைத்தான் அது நமக்குச் சொல்லும். கமராவுக்கும் இருட்டு, வெளிச்சக் கருவிக்கும் இருட்டு. இரண்டும் வேறு வேறு கருவி, வேறு வேறு ட்ரைவர். இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்றுதான்: திரைக்கு மேல், நட்ட நடுவில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

"அக்கா, திரைக்கு மேலை, நடுவிலை பாருங்கோ. என்ன கிடக்குது?"

"ஒண்டும் இல்லையெண்டு எத்தினை தரமடி சொல்லுறது? பொட்டு மட்டும்தான்."

முதல்நாள் சரஸ்வதி பூசை. படிப்புக்கும் தொழிலுக்கும் உள்ள சாமான்களைச் சாமியறையில் அடுக்கி, பொட்டு வைத்து, விஜயதசமி காலையில் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அக்கா டேனிஷ் அகராதி, அத்தானின் ஸ்பானர், மிக்சி, எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறாள். மடிக்கணினிக்கும் வைத்திருக்கிறாள். பொட்டை எங்கே வைப்பார்கள்? நெற்றியில். மடிக்கணினிக்கு நெற்றி எது? சந்தனத்தை நன்றாகக் குழைத்து, ஒரு குரோன் காசளவுக்கு அப்பி, அதற்கு மேல் குங்குமமும் வைத்து, அது இரவோடிரவாகக் காய்ந்து சீமெந்து மாதிரி இறுகிப்போய்விட்டது. காலையிலிருந்து அதன் முன்னால் இருக்கிறாள், பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். பொட்டு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால் ஆர் அதை ஒரு பொருட்டாகப் பார்ப்பார்கள்? நானும் அந்த வீட்டில் இருந்திருந்தால் பார்த்திருக்கமாட்டேன், சத்தியமாக.

எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு டேனிஷில் விளக்க முயன்றேன். நேற்று அதற்குப் பிறந்தநாளா என்று கேட்டார். ஓம், கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

சரி, துடையுங்கோ என்றதும் அக்கா ஒரேயடியாக மறுத்தாள். விஜயதசமி அன்று, நல்ல காரியத்துக்குப் போகும் நேரத்தில், வைத்த பொட்டை அழிப்பதா? எனக்குப் படிப்பு ஏறினதோடு மூளை இறங்கிவிட்டதா என்று ஏசினாள். மணி ஒன்பதே முக்கால். நான் கெஞ்சினேன், கத்தினேன், சரஸ்வதியே வந்தாலும் அந்தக் கமராவுக்குத் தெரியமாட்டா என்றேன். கடைசியில் வழியை அவளே கண்டுபிடித்தாள்.

"முதல் நாடியிலை ஒண்டு வைக்கிறன். பிறகு நெத்தியிலை எடுக்கிறன். ஒரு நிமிசமும் பொட்டில்லாமல் இருக்கக்கூடாது."

திரைக்குக் கீழே, நடுவில், அதுதான் மடிக்கணினியின் நாடி, முகவாய்க்கட்டை. புதுச் சந்தனம் குழைக்கிற சத்தம் போனில் கேட்டது. என் பொறுமை போய்க்கொண்டிருந்தது, ஆனால் குறுக்கே பேசவில்லை. பேசினால் மந்திரம் தவறிப்போய் முதலிலிருந்து தொடங்குவாள். பிறகு ஈரத்துணியால் மேலே இருந்ததைத் துடைக்கத் தொடங்கினாள். நான் வெளிச்சக் கோப்பைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தேன். சுழியம், சுழியம், நாலு, முப்பது, பிறகு ஒரேயடியாக நானூறுக்கு மேல். வெறும் எண்தான். ஆனால் அந்த யன்னல் வெயில் என் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. மறுமுனையில் அக்கா, தெரியிறன், தெரியிறன் என்றாள். உடனே, தலை இழுபட்டுக் கிடக்குதடி, சீவோணும் என்று கமராவை மூடி, போனையும் வைத்துவிட்டாள்.

பத்து மணி. எனக்கு இனிச் செய்ய ஒன்றும் இல்லை, வெளியே வந்திருக்கவேண்டும். வரவில்லை. கேர்னல் ஒவ்வொரு ட்ரைவருக்குப் பக்கத்திலும் ஒரு எண்ணைக் காட்டும், இந்த நேரத்தில் அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று. கமரா ட்ரைவருக்குப் பக்கத்தில் சுழியம் இருந்தது. பத்து மணி தாண்டி ஒரு நிமிடத்தில் அது ஒன்றாக மாறியது. அக்கா பேசத் தொடங்கிவிட்டாள்.

அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒலிவாங்கியின் கோப்பும் ஓடுகிறது என்றுதான் சொன்னது. என்ன பேசுகிறார்கள் என்று எந்தக் கோப்பும் சொல்லாது. நான் நினைத்தால் ஒரு கட்டளையில் ஒட்டுக்கேட்டிருக்கலாம். கை குறுகுறுத்தது, பொய் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்காமல் ஒரு கலியாணமும் பேசி முடிக்கப்படவில்லை. ஆனால் இது அவளுடைய வாழ்க்கை. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. போன தடவை கோப்பி ஆறமுதல் முடிந்தது. எனவே இந்த ஒன்று எவ்வளவு நேரம் ஒன்றாகவே இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. பத்து நிமிடம் போனது. ஒன்று. இருபது நிமிடம்தான் நேர்முகம் என்று சொல்லியிருந்தார்கள். அதுவும் போனது. ஒன்று. முதலில் சந்தோசப்பட்டேன், பிறகு அந்தரப்பட்டேன். நிரல் உறைந்து நின்றாலும் கேர்னல் ஒன்று என்றுதான் காட்டும். அவள் அங்கே உறைந்த படத்துக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தாலும் ஒன்றுதான். மனிசரின் நிலைமையைச் சொல்ல ஒரு கோப்பு இல்லையே என்று முதன்முறையாக எனக்குக் கேர்னலில் கோபம் வந்தது. பக்கத்து மேசைக்காரர் ஒரு சொல்லும் கேட்காமல் எனக்கு இன்னொரு கோப்பி கொண்டுவந்து வைத்தார்.

ஒரு மணித்தியாலம் ஆகப்போகிற நேரத்தில் எண் சுழியமானது. போன் அடிக்கவில்லை. நானாக எடுக்கவும் பயம். நல்ல செய்தியென்றால் உடனே எடுத்திருப்பாளே என்று மனம் கண்டபடி ஓடியது. பிறகு அடித்தது.

"எடுத்திட்டினம்," என்றாள். "தையில தொடங்குது. ரீச்சர் இப்பவே சொல்லிப்போட்டா."

பிறகு அவள் மூச்சுவிடாமல் சொல்லத் தொடங்கினாள். சாப்பிட மறுக்கிற ஒரு முதியவரை என்ன செய்வீர்கள் என்று ஆசிரியை கேட்டாராம். அந்தக் கேள்வியோடு அக்காவுக்கு வாய் திறந்துவிட்டது. இல்லத்தில் இருந்த ஒரு பழைய மீனவரைப் பற்றிச் சொன்னாளாம். அவர் எதையும் தொடமாட்டார். இவள் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இந்த மீனை நான் வெட்டினது சரியா என்று கேட்பாளாம். அந்த மனிசன் பிழை கண்டுபிடிப்பதற்காகவே முள்ளு முள்ளாகப் பிரித்துப் பார்த்துத் திட்டித் திட்டிச் சாப்பிட்டு முடிப்பாராம். ஆசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாராம். பிறகு தன் அப்பாவைப் பற்றி ஆசிரியை சொன்னாராம். அவர் சொல்லச் சொல்ல அக்கா இடைமறித்து இடைமறித்துக் கேள்வி கேட்டாளாம், டேனிஷில், முழுக்க டேனிஷில். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த மீன் கடைச் சண்டைக்காரி கடைசியில் வந்து சேர்ந்துவிட்டாள்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"நீ இன்னும் இதுக்குள்ளைதான் நிக்கிறியோ?"

ஓம் என்றேன்.

"அப்ப வெளியிலை போ. கடவுச்சொல் மாத்திறது எப்பிடியெண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போ. நான் இனிப் படிக்கோணும்."

எனக்குச் சுருக்கென்றது, உடனே சிரிப்பும் வந்தது. சொல்லிக்கொடுத்தேன். நான் வைத்திருந்த வழியை எப்படி மூடுவது என்றும் சேர்த்துச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். இடையில், என்ன சொல் போடுகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, உனக்கு ஏன் என்றாள். பிறகு நான் என் பக்கத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பால் கறக்கும் இயந்திரத்துக்குத் திரும்பிப் போனேன்.

அடுத்த நாள் மத்தியானம், பழக்க தோசத்தில், அக்காவின் கணினிக்குப் புதிய பதிப்பு ஏதும் ஏற்ற இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். உள்ளே விடவில்லை. இன்னொரு தடவை அடித்துப் பார்த்தேன். அப்போதும் விடவில்லை. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, பாருங்கள், என் அக்கா பூட்டின பூட்டு என்று காட்டினேன்.